சிவசாமி மாமாவின் தமிழ்ப் பக்கம்

உயர்தரப் பரீட்சையில் பிரியந்திக்குக் கிடைத்த பெறுபேறு ஒரு ரெண்டுங்கெட்டான் பெறுபேறு. பல்கலைக்கழகத்துக்குப் போதாது. அதற்காகக் கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போ என்று அவளிடம் சொல்லவும் யாருக்கும் மனம் வராது. றொசல்ல ஸ்டேசனுக்கு மேலேயுள்ள தோட்டத்தில் அவள் அம்மா ராசம்மா கொழுந்து பறித்தாள். அப்பா நல்லமுத்துவுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டுகிற மாடியில் வேலை. அவர்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசையில் அவளோடு படித்த பெண்கள் ஒவ்வொருவராகக் கொழும்புக்குக் கார்மெண்ட்ஸ் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவளும் அப்படித்தான் போயிருப்பாள். அம்மாவின் தம்பி சிவசாமி குறுக்கே வந்து விழுந்தார்.

சிவசாமி நானுஓயா ஸ்டேசனில் வேன் ஓட்டுகிறவர். கல்யாணம் கட்டவில்லை. ஸ்டேசனுக்குப் பக்கத்தில் வாடகை அறையில் இருந்தார். வேனின் பிரேக்கைப் பற்றி யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அவருடைய வாய்க்குப் பிரேக்கே கிடையாது என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். வண்டியில் ஏறியது முதல் இறங்குகிற வரைக்கும் பேசிக்கொண்டே இருப்பார்.

"அக்கா, அட்டன் டவுன்ல கம்பியூட்டர் கோர்ஸ் ஒண்ணு ஆரம்பிக்கிறாங்க. தமிழ்லதான் படிச்சுக் குடுக்குறாங்களாம். புள்ளய நானே கூட்டிட்டுப் போயி சேத்து விடுறேன்" என்றார்.

"கம்பியூட்டர் படிச்சு என்னாடா செய்யிறது, இந்தத் தோட்டத்துல?" என்று ராசம்மா கேட்டாள்.

"அது படிச்சாத்தானே தெரியும்."

சொன்னபடியே சேர்த்தும் விட்டார். 2003ஆம் ஆண்டு தொடக்கத்தில் பிரியந்தி றொசல்ல ஸ்டேசனில் காலைக் கோச்சியில் ஏறி அட்டனுக்குப் போய்வரத் தொடங்கினாள்.

வகுப்பெடுத்தவர் நிரூபா மிஸ். சமாதான காலத்தில் வடக்குக்கான பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கு வந்தவர். குளிர் தாங்காமல் வகுப்பறைக்குள்ளேயும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருப்பார். பிள்ளைகளைவிட ஐந்தாறு வயதுதான் கூட. ஆனால் வேலை என்று வந்தால் விட்டுக்கொடுக்க மாட்டார். கடைசித் தவணையில் ஒவ்வொருவரும் ஒரு இணையத்தளம் செய்து ஒப்படைக்க வேண்டும் என்றபோது ஒரு நிபந்தனையும் போட்டார்.

"கற்பனைக் கடை, கற்பனைக் கொம்பனி ஒண்டும் வேண்டாம். உண்மையா இருக்கிற ஒரு ஆளுக்குச் செய்யுங்கோ. முதல் கடதாசியில எழுதுங்கோ. இது ஆருக்கு? அவை இதில என்னத்தைத் தேடி வருவினம்? எந்தப் பக்கத்தில இருந்து எந்தப் பக்கத்துக்குப் போகலாம்? அதை நான் பாத்துச் சரியெண்டு சொன்னாப் பிறகுதான் மெஷினைத் தொடலாம்."

வகுப்பில் மற்றவர்கள் நுவரெலியா ஹோட்டல், பூக்கடை, புடவைக்கடை என்று பிடித்துக்கொண்டார்கள். பிரியந்திக்கு எந்த முதலாளியையும் தெரியாது. வண்டி வைத்திருக்கிற ஒரு மாமாவைத்தான் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானுஓயாவுக்குப் போனாள். ஸ்டேசனுக்கு எதிரில் பழனியாண்டி என்பவரின் தேத்தண்ணிக் கடை. சிவசாமிக்கு வருகிற தொலைபேசி அழைப்பெல்லாம் அந்தக் கடைக்குத்தான் வரும். அங்கே உட்காரவைத்து விசயத்தைச் சொன்னாள்.

"என் மூஞ்சிய ஒலகம் பூரா போடப் போறியா?" என்று சிவசாமி கேட்டார்.

"ஆமாங்க மாமா. வண்டியோட சேத்துத்தான்."

"அப்ப தீவாளிச் சட்டையப் போட்டுக்கிறேன்" என்றார். அத்தோடு சம்மதம் கிடைத்துவிட்டது.

வண்டி எங்கெங்கே போகும், என்னென்ன பார்க்கலாம் என்று அவள் கேட்டாள். அவர் சொல்ல ஆரம்பித்தார். பழனியாண்டி இரண்டு தடவை தேத்தண்ணி ஊற்றினார். சிவசாமி இன்னும் நுவரெலியா டவுனுக்கு வந்து சேரவில்லை. சுருக்கமாகக் குறித்துக்கொள்ளலாம் என்று வந்த பிரியந்தி, ஒரு கட்டத்தில் சுருக்குவதை விட்டுவிட்டு அவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதத் தொடங்கினாள்.

ஆங்கிலப் பக்கத்தைச் செய்வது அவளுக்குப் பெரிய பாடாக இல்லை. சுற்றுலாப் புத்தகங்களைப் புரட்டி, நீர்வீழ்ச்சி, பூங்கா, உயரம், தூரம் என்று எல்லோரும் எழுதுவதைப்போல எழுதி முடித்தாள். தமிழ்ப் பக்கத்தில் மாமா பேசியதையே வைத்தாள். அது இப்படித் தொடங்கியது:

"ஸ்டேசன்ல எறங்குனதும் அவசரப்படாதீங்க. மொதல்ல ஒரு சூடான தேத்தண்ணி குடிங்க, குளிருக்கு ஒடம்பு பழகட்டும். வண்டியில ஏறுனதும் கண்ணாடியத் தொறந்து வைங்க. ஏத்தத்துல தைல மரத்து வாசம் வரும். கொஞ்சம் பொறுத்தா வாடுன கொழுந்து வாசம் வரும். அந்த வாசம் வந்தா பக்கத்துல பெக்டரி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம். காது அடைச்சா பயப்படாதீங்க, நாம ஒசரத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம். எச்சில முழுங்குங்க, சரியாப் போயிரும்."

சிக்கல் எழுத்தில் வந்தது. அந்தக் காலத்தில் ஒரு கம்பியூட்டரில் அடித்த தமிழ், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கம்பியூட்டரில் திறந்தால் ஏதோ பூச்சி ஊர்ந்த மாதிரி ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பிரியந்தி ஒரு வழி கண்டுபிடித்தாள். தமிழ்ப் பந்திகளை ஒவ்வொன்றாகப் படமாக மாற்றிப் பக்கத்தில் ஒட்டினாள். படத்தை எந்த மெஷினும் குழப்பாது.

நிரூபா மிஸ் அதைத் திறந்து பார்த்தார். பக்கம் மேலிருந்து கீழே ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

"பிரியந்தி, இது சரியான பாரம். வெளியில டெலிபோன் லைனில திறக்கிற ஆக்களுக்குப் பொறுமை இராது. சுற்றிப் பாக்க வாறவைக்கு இங்கிலிஷ் போதும். தமிழ்ப் பக்கத்தை எடுத்துவிடும்."

அவள் மறுத்துப் பேசுகிற பிள்ளை இல்லை. அன்றைக்கு மட்டும் வாய் தானாகத் திறந்தது. "மிஸ், மாமா பேசுறது தமிழ்லதானுங்களே. அந்த இங்கிலிஷ் பக்கத்துல எந்த டிரைவரோட பேரப் போட்டாலும் பொருந்தும். இத எடுத்துட்டா இது அவரோட சைட்டே இல்லங்க மிஸ்."

நிரூபா தமிழ்ப் பக்கத்தைத் திரும்பவும் மேலிருந்து வாசித்தார். பிறகு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டார். "அப்ப படங்களின்ர பாரத்தைக் குறைப்பம். இஞ்ச பாரும்" என்று சொல்லி, நிறங்களைக் குறைப்பது எப்படி, ஒரு பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைப்பது எப்படி என்று காட்டினார். வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகும் இருந்து காட்டினார். பிரியந்தி அன்று கடைசிக் கோச்சியைத்தான் பிடித்தாள்.

ஒப்படைக்கிற நாள் நெருங்கியபோது இன்னொரு இடி விழுந்தது. வேலையெல்லாம் ஒரு புளொப்பித் தட்டில் இருந்தது. மலைநாட்டு ஈரத்தில் அதற்குள் பூஞ்சணம் பிடித்து, எந்த மெஷினிலும் அது வாசிக்கப்படவில்லை. வகுப்புக் கம்பியூட்டரில் இருந்ததையெல்லாம் யாரோ அழித்திருந்ததால் அங்கேயும் பிரதி இல்லை. அன்று அவள் கோச்சியில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். ஆனால் கடதாசித் திட்டம் வீட்டில் இருந்தது. எந்தப் பக்கத்தில் எது, எதிலிருந்து எதற்கு வழி என்று பென்சிலால் கோடு போட்டு மிஸ் சரி பார்த்த தாள்கள். மாமா பேசியதை எழுதிய தாள்களும் இருந்தன. மறுபடி கட்டுவதற்கு ஒரு மெஷின்தான் வேண்டும்.

அட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஜயதிஸ்ஸ என்பவருக்கு ஒரு கொமியூனிகேஷன் கடை இருந்தது. தொலைபேசி, போட்டோ பிரதி, இரண்டு கம்பியூட்டர். அவள் போய்த் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கதையைச் சொன்னாள். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார்.

"நங்கி, காலையில நான் கடை தொறந்து, விளக்கு வச்சி, கூட்டுறேன். அந்த நேரம் யாரும் வாறதில்ல. நீ வந்து வேல செய்."

சிங்களத்தில் தங்கச்சி என்று கூப்பிட்ட அந்த மனிதர் அவளிடம் வேறெதுவும் கேட்கவில்லை. பிரியந்தி அந்த வாரம் முழுவதும் இருட்டோடு எழும்பிப் போனாள். ராசம்மா காலையில் பேர் பதிகிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ரொட்டி சுட்டு, கட்டச் சம்பலோடு கடதாசியில் சுற்றி மகள் கையில் கொடுத்தனுப்பினாள். இரண்டாவது தடவை கட்டிய தளம் முதலில் கட்டியதைவிடச் சீராக வந்தது. முடிந்ததும் ஜயதிஸ்ஸ, "இத ஒலகத்துக்கு அனுப்புறது இல்லியா?" என்று கேட்டார். வகுப்புக்கு ஒப்படைத்தால் போதும், இணையத்தில் ஏற்றுவது கட்டாயமில்லை. ஆனாலும் அவருடைய கடைத் தொலைபேசி லைன் வழியாகவே, இலவசமாக இடம் தருகிற ஒரு நிறுவனத்தின் தளத்தில் ஏற்றினாள். தமிழ்ப் பக்கத்துப் படங்கள் ஏறி முடிகிற வரை அவர் வாடிக்கையாளர்களைத் தொலைபேசிப் பக்கம் விடாமல் நிறுத்தி வைத்திருந்தார்.

கொழும்பிலிருந்து வந்த பரீட்சகர் தமிழ்ப் பக்கத்தில் குறை கண்டார். எழுத்தைப் படமாகப் போடுவது முறையில்லை என்றார். அதற்குப் புள்ளி குறைத்தார். அவர் சொன்னது தப்பும் இல்லை. பிரியந்திக்குச் சாதாரணச் சித்தி, அதாவது தேர்ச்சி மட்டும், கிடைத்தது. ஹோட்டல் தளம் செய்தவர்களுக்கு நல்ல புள்ளி. அவள் சான்றிதழை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஜயதிஸ்ஸவின் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தாள். தளம் அது பாட்டுக்கு எங்கேயோ கிடந்தது. மாமா மட்டும் வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "நான் இன்டர்நெட்டுல இருக்கேங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நம்பினவர்கள் குறைவு.

2004 ஆனி மாதம் ஒரு பிற்பகல். பழனியாண்டி கடையை விட்டு வெளியே ஓடி வந்து, "சிவசாமி, நோர்வேல இருந்து போன்" என்று கூப்பிட்டார். சிவசாமி கேலி என்று நினைத்து வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பழனியாண்டி வந்து கையைப் பிடித்து இழுத்துப் போனார்.

பேசியது கமலேஸ்வரி என்ற பெண்மணி. யாழ்ப்பாணத்துக்காரர், நோர்வேயில் பேர்கன் நகரத்தில் இருக்கிறவர். "தம்பி, உங்கட பக்கத்தைப் பாத்தனாங்கள். அடுத்த மாசம் வாறம். ஆனா ஒரு விசயம் கேக்கவேணும். அதில எழுதியிருக்கிற மாதிரித்தான் நீங்கள் கதைப்பீங்களோ?"

சிவசாமிக்குக் கேள்வி பிடிபடவில்லை. "நான் கொஞ்சம் கூடவே பேசுவேங்கம்மா. தொந்தரவா இருந்தா நிப்பாட்டிக்கிறேன்" என்றார்.

"ஐயோ, நிப்பாட்ட வேண்டாம்" என்றது மறுமுனை.

அவர்கள் வந்து நானுஓயாவில் இறங்கியபோதுதான் விளங்கியது. கமலேஸ்வரியின் தோளில் கை வைத்துக்கொண்டு, கால் தடவி ரயிலிலிருந்து இறங்கினார் அவருடைய கணவர் பாலச்சந்திரன். சீனி வியாதியில் இரண்டு கண்ணும் போய்விட்டிருந்தன. பக்கத்தைச் செய்த பிள்ளையும் கட்டாயம் வரவேண்டும் என்று கேட்டிருந்ததால் பிரியந்தியும் ஸ்டேசனில் நின்றாள். சிவசாமி முன்னால் போய்க் கும்பிட்டார். கும்பிட்ட பிறகுதான் அது அவருக்குத் தெரியாது என்பது உறைத்தது. "வணக்கங்க ஐயா" என்று வாயாலும் சொன்னார்.

முதலில் பழனியாண்டி கடையில் தேத்தண்ணி. பாலச்சந்திரன்தான் அதைக் கேட்டு வாங்கினார். "முதல் தேத்தண்ணி குடிக்கச் சொல்லி எழுதியிருக்கு" என்றார்.

வண்டி கிளம்பியது. ஆனால் சிவசாமியின் வாய் கிளம்பவில்லை. பார்வையில்லாத மனிதரிடம் எதைக் காட்டுவது என்று அவருக்குக் கூச்சம். ஏற்றத்தில் ஒரு வளைவு திரும்பியதும் பழக்க தோசத்தில், "அந்தா பாருங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"சொல்லுங்கோ, பாக்கிறன்" என்றார் பாலச்சந்திரன்.

அதற்குள் பனிமூட்டம் இறங்கிவிட்டது. ஆடி மாதத்தில் அங்கே அப்படித்தான். மலையும் இல்லை, ரோடும் இல்லை, எதிரே வருகிற வண்டியின் விளக்கு மட்டும் மஞ்சளாக. சிவசாமி வண்டியை ஓரமாக மெல்ல விட்டார்.

"ஏன் வேகம் குறையுது?"

"மூட்டம் போட்டிருச்சுங்க ஐயா. இப்ப எங்களுக்கும் ஒண்ணும் தெரியல."

பாலச்சந்திரன் சிரித்தார். நன்றாக, வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்ப இப்ப எல்லாரும் ஒண்டு. தெரியாட்டிலும் உங்களுக்கு ரோட்டுத் தெரியும்தானே. சொல்லுங்கோ."

அந்தச் சிரிப்பில் மாமாவின் கூச்சம் கழன்று விழுந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டார். மூட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்லத் தொடங்கினார். இடது பக்கம் சரிவு, நேத்துத்தான் கவ்வாத்து வெட்டுனாங்க, செடியெல்லாம் குச்சி குச்சியா நிக்கும். வலது பக்கம் ஒரு சின்ன அருவி, இப்ப சத்தம் கேக்கும் பாருங்க. கேட்டது. அதுக்கு மேல ஒரு லயம், அங்க ஒரு வீட்ல எப்பவும் ரேடியோ போடுவாங்க. ரேடியோவும் கேட்டது. பாலச்சந்திரன் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ஈரத்தைப் பிடித்துப் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த பிரியந்தி மூட்டத்தைப் பார்த்துக்கொண்டு மாமா சொன்னதைக் கேட்டாள். பிறந்ததிலிருந்து பார்த்த மலைதான். அவர் சொல்லக் கேட்கும்போது அவளுக்கும் புதிதாக இருந்தது.

சீத்தா எலியாவில் சீதை அம்மன் கோயிலுக்குப் போனார்கள். ஆற்றோரக் கல்லில் பாலச்சந்திரனை உட்காரவைத்து, சிவசாமி அவருடைய காலைத் தண்ணீரில் வைத்தார். குளிரில் அவர் காலை உதறியதும் இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரிச் சிரித்தார்கள். அப்போதுதான் கமலேஸ்வரி பிரியந்தியைக் கோயில் படியில் பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"பிள்ளை, கண் போனாப் பிறகு இவர் வீட்டை விட்டு வெளிக்கிடேல்ல. பாக்கேலாதவனுக்கு என்ன பயணம் எண்டு சொல்லுவார். இந்தமுறை நான் மட்டும்தான் வாறதா இருந்தது. வாகனம் தேடி இன்டர்நெட்டில பாத்துக்கொண்டு போகேக்க உம்மட பக்கம் வந்தது. இங்கிலிஷை வாசிச்சன், எல்லாரும் எழுதுறதுதான். பிறகு தமிழைத் திறந்தன். அது வந்து முடியிறதுக்கிடையில நான் சமையலே முடிச்சிட்டன்."

பிரியந்தி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

"சத்தமா வாசிச்சன். அவர் அடுத்த அறையில இருந்து எழும்பி வந்து, இன்னொருக்கா வாசி எண்டார். வாசம் வரும், காது அடைக்கும், எச்சிலை முழுங்குங்கோ... அதைக் கேட்டுப்போட்டு, இந்த ஆளோட எண்டால் நானும் வாறன் எண்டார். நாலு வருசத்துக்குப் பிறகு அவர் வாயால வந்த முதல் பயணம் இது." கமலேஸ்வரி அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். "உமக்கு எப்பிடி நன்றி சொல்லுறதெண்டு தெரியேல்ல."

"மாமா பேசுனத எழுதுனேன், அவ்வளவுதாங்கம்மா" என்றாள் பிரியந்தி. பரீட்சகர் வெட்டிய புள்ளியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்றாம் நாள் றொசல்லயில் லயத்துக்கே வந்தார்கள். அந்த ஒற்றை அறைக் காம்பராவில் நாலு பேருக்குமேல் உட்கார இடமில்லை. ராசம்மா பதறிப் போனாள். பாலச்சந்திரன் அவள் சுட்ட ரொட்டியைக் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். மாலையில் நல்லமுத்து அவரைத் தொழிற்சாலைக்குக் கூட்டிப்போய், வாட்டுகிற மாடியில் பரப்பியிருந்த இலைக்குள் இரண்டு கையையும் விட்டு அளையச் செய்தார். போகும்போது நல்லமுத்து ஒரு பொட்டலம் தேயிலை கொடுத்தார்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. பேர்கனிலும் ஒஸ்லோவிலும் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொன்னார்கள். அவர்களுடைய மருமகன் ஆரூரன் கம்பியூட்டர் படித்தவன். யூனிகோட் என்று ஒன்று வந்திருக்கிறது, இனித் தமிழைப் படமாக ஒட்டத் தேவையில்லை, எழுத்தாகவே போடலாம் என்று மின்னஞ்சலில் அவளுக்குப் படிப்படியாக விளக்கினான். அவள் விளங்காமல் கேட்டதையே திரும்பக் கேட்டபோதும் சலிக்காமல் எழுதினான். அடுத்த வருசமே தமிழ்ப் பக்கம் எழுத்துப் பக்கமாக மாறியது. திறக்க ஒரு நிமிசம் தேவையில்லை. நிரூபா மிஸ்ஸுக்குப் போன் போட்டுச் சொன்னாள். அப்போது அவர் யாழ்ப்பாணத்துக்கே மாற்றலாகிப் போயிருந்தார். "நான் எடுக்கச் சொன்ன பக்கமோ?" என்று கேட்டு அவர் சிரித்த சிரிப்பு, லைன் இரைச்சலையும் மீறிக் கேட்டது.

இரண்டு வருசம் வெளிநாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் கோடை விடுமுறைக்கு வந்தபடி இருந்தன. பிறகு சண்டை திரும்பத் தொடங்கியது, வருகிறவர்கள் நின்றுபோனார்கள். சிவசாமி பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கினார். அவர்களிடமும் பேசிக்கொண்டேதான் போனார். பிரியந்தி ஜயதிஸ்ஸவின் கடையில் இருந்தபடியே மஸ்கெலியா, தலவாக்கலைக் கடைக்காரர்களுக்குத் தளம் செய்து கொடுத்தாள். 2007இல் அவள் படித்த அதே வகுப்பில் பகுதிநேரமாகக் கற்பிக்கக் கூப்பிட்டார்கள். கொழும்புக்குப் போகாமல், பெற்றவர்களைப் பிரியாமல் தன் ஊரிலேயே காலூன்ற முடிந்ததே என்று கோச்சியில் வரும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள். நினைத்தால் ஒவ்வொரு முகமாக முன்னே வரும்.

2009இல், தளத்துக்கு இலவசமாக இடம் கொடுத்திருந்த அந்த நிறுவனம் தன் தளங்களையெல்லாம் மூடிவிட்டது. இந்த முறை அவளிடம் மூன்று பிரதி இருந்தது. சொந்தப் பெயரில் ஒரு முகவரி எடுத்துத் தளத்தைப் புதிதாகக் கட்டினாள். கட்டும்போது, எந்தத் திட்டத்திலும் இல்லாத ஒரு பக்கத்தைச் சேர்த்தாள். நிரூபா மிஸ், ஜயதிஸ்ஸ ஐயா, போனை எடுத்த பழனியாண்டி, விடியற்காலையில் ரொட்டி சுட்ட அம்மா, பாலச்சந்திரன் ஐயா, கமலேஸ்வரி அம்மா, ஆரூரன் என்று ஒவ்வொருவரும் செய்ததை இரண்டிரண்டு வரியில் எழுதி, மேலே "நன்றி" என்று போட்டாள்.

சிவசாமி ஜயதிஸ்ஸவின் கடைக்கு வந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழே வரை வாசித்தார். திரும்பவும் ஒருமுறை வாசித்தார்.

"எல்லார் பேரும் இருக்கு. எம் பேரக் காணோமே புள்ள?"

"சைட்டே ஒங்களுதுங்க மாமா. ஒங்க வீட்டுக்குள்ளயே வச்சு ஒங்களுக்கு எப்படிங்க நன்றி சொல்றது?"

சிவசாமி கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். பிறகு ஜயதிஸ்ஸவைப் பார்த்து, "மாத்தயா, எல்லாருக்கும் ஒரு தேத்தண்ணி சொல்லுவமா?" என்று கேட்டுவிட்டு, அவரே எழும்பி எதிர்க் கடைக்குப் போனார்.